யாரையும் திருப்பி அனுப்பாத பயிற்சியாளர்

நான் ஒன்பதாம் வகுப்பில் சேர்ந்த ஆண்டில் எங்கள் பள்ளியின் கால்பந்து அணிக்கு ஆள் எடுக்கப்போவதாக அறிவித்தார்கள். 40 பேருக்கு மேல் போய் நின்றோம். இரண்டு வாரம் மாலை வேளைகளில் எங்களை ஓடவிட்டும் ஆடவிட்டும் பார்த்த உடற்கல்வி ஆசிரியர், மூன்றாவது வாரத் திங்கட்கிழமை காலையில் 16 பெயர்களை ஒரு தாளில் எழுதி அறிவிப்புப் பலகையில் ஒட்டினார். அதில் என் பெயர் இல்லை. அந்த ஆசிரியர்மீது எனக்கு அன்றும் கோபம் இல்லை, இன்றும் இல்லை. பந்து இரண்டு, சீருடை பதினாறு என்றிருந்த பள்ளியில் அவரால் வேறு என்ன செய்திருக்க முடியும்? ஆனாலும் அந்தத் தாளை நான் மறக்கவில்லை. அமெரிக்காவின் தென் கரோலினா மாநிலத்தில் இருந்த ஒரு பள்ளிப் பயிற்சியாளரைப் பற்றி இத்தனை ஆண்டுகளாக யோசித்துக்கொண்டிருப்பதற்கும், இன்று இதை எழுத உட்கார்ந்திருப்பதற்கும் அந்தத் தாள்தான் காரணம்.

2012 ஆகஸ்டில் வேலை மாற்றலாகிச் சம்மர்வில் என்னும் ஊருக்குக் குடும்பத்தோடு வந்தோம். சார்ல்ஸ்டன் துறைமுக நகரத்திலிருந்து உள்நாட்டுப் பக்கமாக அரை மணி நேரத்துக்கு மேல் கார் ஓட்டினால் வரும் ஊர் இது. உயர்ந்த பைன் மரங்களும் வசந்த காலத்தில் தெருவெங்கும் பூக்கும் அசேலியாக்களும் நிறைந்தது. 1847-லேயே மரம் வெட்டுவதற்குக் கட்டுப்பாடு விதித்து விதி இயற்றிய ஊர் என்பதில் இங்குள்ளவர்களுக்கு நியாயமான பெருமை உண்டு. நாங்கள் வந்து இரண்டு மாதம் ஆகியிருந்தபோது, அக்டோபரில், ஊர் முழுவதும் 600 என்ற எண்ணைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தது. கடைக் கண்ணாடிகளில் அந்த எண்ணை எழுதி வைத்திருந்தார்கள். சம்மர்வில் உயர்நிலைப் பள்ளியின் அமெரிக்கக் கால்பந்துப் பயிற்சியாளர் ஜான் மெக்கிசிக், தம்முடைய 600-ஆவது வெற்றியைப் பெற்றிருந்தார். அப்போது அவருக்கு வயது 86.

அமெரிக்கக் கால்பந்து எனக்கு அப்போது ஒன்றும் புரியாது. முட்டை வடிவப் பந்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடுகிற ஆட்டத்துக்கு ஏன் கால்பந்து என்று பெயர் வைத்தார்கள் என்று கேட்கும் நிலையில்தான் இருந்தேன். எனக்கு அதைக் கற்றுக்கொடுத்தவர் எங்கள் பக்கத்து வீட்டுக்காரர். வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர், கறுப்பினத்தவர், 1970-களில் அதே பள்ளியில் மெக்கிசிக்கிடம் ஆடியவர். அடுத்த ஆண்டு முதல் வெள்ளிக்கிழமை இரவுகளில் என்னையும் தம்மோடு மைதானத்துக்கு அழைத்துப் போனார். நான்கு முயற்சிகளுக்குள் பந்தைப் 10 கெஜம் முன்னே கொண்டுபோக வேண்டும், முடியாவிட்டால் பந்து எதிரணிக்குப் போய்விடும் என்ற அடிப்படை விதியை, எங்கள் இருவருக்கும் நடுவில் இருந்த அவித்த வேர்க்கடலைப் பையிலிருந்து கடலைகளை எடுத்துப் பலகையில் வரிசையாக வைத்து விளக்கினார். உப்பு நீரில் தோலோடு அவித்த வேர்க்கடலையை இந்த மாநிலம் தன் அதிகாரபூர்வச் சிற்றுண்டியாகவே அறிவித்திருக்கிறது. நம் ஊர்த் திருவிழாவில் கூம்புக் காகிதத்தில் வாங்கித் தின்ற அதே சுவையை அந்த மைதானத்தில் கண்டபோது எனக்கு ஊர் பாதி பழகிவிட்டது.

மெக்கிசிக்கும் சிற்றூர்க்காரர்தான். 1926 செப்டம்பர் 25 அன்று இதே மாநிலத்தின் கிரீன்வுட்டில் பிறந்து, கிங்ஸ்ட்ரீ என்ற சிறிய ஊரில் வளர்ந்தார். கரிய நீரோடும் பிளாக் ஆற்றங்கரையில் இருக்கும் அந்த ஊர், புகையிலையை நம்பி வாழ்ந்தது. ஆங்கிலேய ஆட்சிக் காலத்தில் கப்பல்களின் பாய்மரத்துக்கென மன்னருக்கு ஒதுக்கப்பட்ட ஒரு பைன் மரத்தால் ஊருக்கு அரசன் மரம் என்று பொருள்படும் அந்தப் பெயர் வந்தது என்பார்கள். பைன் மரத்தால் பெயர் பெற்ற ஊரில் வளர்ந்தவர், பைன் மரத்தைக் காப்பாற்றச் சட்டம் போட்ட ஊரில் வாழ்நாளைக் கழித்தார் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு மகிழ்ச்சி உண்டாகிறது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் ராணுவத்தில் சேர்ந்து வான்குடை வீரராக இருந்தார். திரும்பி வந்து, கிளின்டன் நகரத்துப் பிரெஸ்பிட்டீரியன் கல்லூரியில் படித்துக்கொண்டே அணியில் ஆடி, 1951-இல் பட்டம் பெற்றார். அவர் தொழில்முறை ஆட்டத்துக்குப் போகவில்லை. சிற்றூர்ப் பள்ளியிலும் சிறு கல்லூரியிலும் ஆடியவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு ஆட்டம் அங்கேயே முடிந்துவிடும். அவருக்கும் அப்படித்தான் முடிந்தது.

முதல் வேலை வட கரோலினாவின் கிளார்க்டன் என்ற மிகச் சிறிய ஊரில் கிடைத்தது. பதினொரு பேரை நிறுத்த முடியாத பள்ளிகளுக்கென்று அணிக்கு ஆறே பேர் ஆடும் ஒரு வகை இந்த ஆட்டத்தில் உண்டு. பொருளாதாரப் பெருமந்தக் காலத்தில், 1934-இல், நெப்ராஸ்கா மாநிலத்தில் ஸ்டீபன் எப்ளர் என்ற ஆசிரியர் உருவாக்கியது அது. கிளார்க்டனில் மெக்கிசிக் பயிற்றுவித்தது அந்த ஆறு பேர் ஆட்டத்தைத்தான். இதை நான் முக்கியமாகக் கருதுகிறேன். ஒவ்வொரு பையனும் வந்தால்தான் ஆட்டமே நடக்கும் என்ற நிலையில் தொழிலைத் தொடங்கிய ஒருவருக்கு, வந்து நிற்கிற பையனை வேண்டாம் என்று சொல்வது பிற்காலத்தில் எளிதாக இருந்திருக்காது என்று நினைக்கிறேன். இது என் ஊகம்தான். ஆனால் அவருடைய பிற்கால நடைமுறை இந்த ஊகத்துக்கு இடம் கொடுக்கிறது.

1952-இல் சம்மர்வில்லுக்கு வந்தார். அப்போது ஊரின் மக்கள்தொகை 3,000-க்குச் சற்றுக் கூடுதல். 2014-ஆம் ஆண்டுப் பருவம் வரை, 63 பருவங்கள், அதே பள்ளியில், அதே பச்சை நிற அணிக்குப் பயிற்சியாளராக இருந்தார். இதற்குள் ஊர் பல மடங்கு பெருகிவிட்டது. 2020 கணக்கெடுப்பில் 50,000-ஐத் தாண்டியது. பெருகிய ஊருக்காகப் புதிய பள்ளிகள் வந்தன. அப்படி வந்த ஆஷ்லி ரிட்ஜ் பள்ளியை வென்றுதான் அவர் 600-ஐத் தொட்டார். மொத்தக் கணக்கு 621 வெற்றி, 155 தோல்வி, 13 சமன். 2015-இல் அவர் ஓய்வை அறிவித்த நாளில், பள்ளி, கல்லூரி, தொழில்முறை என எந்த நிலையிலும் வேறு எந்தப் பயிற்சியாளரும் அத்தனை ஆட்டங்களை வென்றிருக்கவில்லை. தொழில்முறை ஆட்டத்தில் அதிக வெற்றி பெற்ற டான் ஷூலாவின் கணக்கு 347. கல்லூரி நிலையில் முதலிடத்தில் இருந்த ஜான் கக்லியார்டியின் கணக்கு 489.

புதிதாகக் கேட்பவர்கள் இந்த எண்களில்தான் நின்றுவிடுகிறார்கள். நானும் முதலில் அப்படித்தான் நின்றேன். பக்கத்து வீட்டுக்காரரோ எண்களைப் பற்றி அதிகம் பேசமாட்டார். ஒரு நாள் ஆட்டத்துக்கு முன்பு, ஓரக் கோட்டை ஒட்டிப் பச்சை உடையில் வரிசையாக நின்றிருந்த பையன்களை எண்ணிப் பார்க்கச் சொன்னார். நான் எண்ணிக்கொண்டே போய், ஆட்கள் அசைந்துகொண்டே இருந்ததால் கணக்கைத் தவறவிட்டேன். ஒரு சமயத்தில் ஆடுவது பதினொரு பேர்தானே, இத்தனை பேர் எதற்கு என்று கேட்டேன். "கோச் யாரையும் அணியிலிருந்து கழிப்பதில்லை. வந்தவன் வந்துகொண்டே இருந்தால் போதும், அவனுக்கு உடை உண்டு" என்றார். அத்தனை ஆண்டுகளில் ஒரு மாணவனையும் திறமை போதாது என்று திருப்பி அனுப்பியதில்லை என்பது மெக்கிசிக்கைப் பற்றி இந்த ஊரில் எல்லோரும் முதலில் சொல்லும் செய்தி. எனக்கு அதைக் கேட்டதும் எங்கள் பள்ளியின் அறிவிப்புப் பலகை நினைவுக்கு வந்தது. அன்று இரவு எந்த அணி வென்றது என்பதே எனக்கு இப்போது நினைவில்லை.

யாரையும் கழிக்காமல் இருப்பது வெறும் இரக்கத்தால் ஆகிற காரியம் இல்லை. கூடைப்பந்து அணிக்குப் பன்னிரண்டு பதினைந்து பேருக்கு மேல் வைத்துக்கொள்ள முடியாது. அங்கே கழித்தே ஆக வேண்டும். அமெரிக்கக் கால்பந்தின் அமைப்பு வேறு. தாக்குவதற்கு ஒரு பதினொரு பேர், தடுப்பதற்கு இன்னொரு பதினொரு பேர், பந்தை உதைக்கும் தருணங்களுக்கென்று தனி அணிகள் என்று பல இடங்கள் இதில் உண்டு. கனமானவனுக்கு ஓர் இடம், மெலிந்து ஓடுபவனுக்கு ஓர் இடம், உதைக்க மட்டும் தெரிந்தவனுக்கும் ஓர் இடம். அதே சமயம் செலவும் அதிகம். ஒவ்வொரு பையனுக்கும் அளவெடுத்த தலைக்கவசம் வேண்டும், தோள் கவசம் வேண்டும். அவற்றைக் காலாகாலத்தில் சோதித்துச் செப்பனிட வேண்டும். வெளியூர் ஆட்டத்துக்குக் கூடுதல் பேருந்து வேண்டும். நூறு பையன்களைக் கண்காணிக்கத் துணைப் பயிற்சியாளர்கள் வேண்டும். களத்தில் இறங்கவே போகாத பையனுக்காக இவ்வளவையும் செய்ய ஒரு பள்ளி ஒப்புக்கொள்ள வேண்டும் என்றால், அதைக் கேட்டு வாங்கும் பயிற்சியாளருக்குப் பிடிவாதம் இருக்க வேண்டும்.

அந்தப் பையன் வாரம் முழுவதும் என்ன செய்கிறான் என்பதைப் பக்கத்து வீட்டுக்காரர் எனக்கு விவரமாகச் சொன்னார், அவரே அப்படிப்பட்ட பையன் என்பதால். ஆட்டம் வெள்ளிக்கிழமை இரவில். திங்கள் முதல் வியாழன் வரை பயிற்சி. அடுத்து மோதப்போகும் எதிரணி எப்படி வரிசை கட்டுகிறது, எந்தப் பக்கம் அதிகம் ஓடுகிறது, யார் பந்தை வாங்குகிறார் என்பதையெல்லாம் பயிற்சியாளர்கள் பார்த்து அட்டைகளில் வரைந்து வைத்திருப்பார்கள். முதல் வரிசை ஆட்டக்காரர்கள் அதற்கு எதிராகப் பழக வேண்டும் என்றால், எதிரணியைப் போலவே ஆடிக் காட்ட வேறு பதினொரு பேர் வேண்டும். மூன்றாம் வரிசைப் பையன்கள்தான் அந்த எதிரணி. ஒரு வாரம் அவர் பெர்க்லி பள்ளியின் முரட்டுத் தடுப்பாளராக இருப்பார். அடுத்த வாரம் வேறொரு பள்ளியின் வேகமான ஓட்டக்காரராக மாறுவார். நன்றாக நடித்துக் காட்டினால் தம்மைவிட இரு மடங்கு கனமானவனிடம் அடி வாங்குவார். வெள்ளிக்கிழமை இரவில் அந்த எதிரணி எதிர்பார்த்தபடியே ஓடி, எதிர்பார்த்த இடத்திலேயே மடக்கப்படும்போது, ஓரத்தில் சுத்தமான உடையோடு நின்றிருக்கும் தமக்கு மட்டும் அது தம்முடைய வேலை என்று தெரியும் என்றார். மூன்று ஆண்டுகளில் உண்மையான ஆட்டத்தில் அவர் களத்தில் நின்ற நேரம், எல்லாம் சேர்த்து, ஒரு கால் பகுதி ஆட்டம்கூட இருக்காது. ஒரு கால் பகுதி என்பது 12 நிமிடம்.

கழிப்பதில்லை என்றால் எளிது என்றும் பொருள் இல்லை. ஆகஸ்ட் மாதத்தில் இந்தக் கடலோரத் தாழ்நிலத்தின் புழுக்கம் நம் சென்னையின் மே மாதத்தை நினைவூட்டும். அந்த வெயிலில் கவசத்தோடு ஓட வேண்டும். தினமும் வர வேண்டும். தாமாகவே விலகிப்போன பையன்கள் பலர் இருந்தார்கள் என்று பக்கத்து வீட்டுக்காரரும் சொன்னார். ஆனால் விலகுவதும் விலக்கப்படுவதும் ஒன்றல்ல. விலகிய பையன், தன்னால் எது முடியும் எது முடியாது என்பதைத் தானே கண்டுபிடித்துவிட்டுப் போகிறான். அறிவிப்புப் பலகையின் முன் நின்ற எங்களில் இருபதுக்கும் மேற்பட்டவர்களுக்கு அதைக் கண்டுபிடிக்கும் வாய்ப்பு கிடைக்கவில்லை.

இந்தப் பாராட்டோடு சொல்லியே ஆக வேண்டிய ஒரு வரலாறும் இருக்கிறது. மெக்கிசிக்கின் அணி மாநிலப் பட்டத்தை 10 முறை வென்றது. அவற்றில் முதல் மூன்று, 1955, 1956, 1957 ஆகிய ஆண்டுகளில் வந்தவை. அந்த மூன்று அணிகளிலும் ஒரு கறுப்பினப் பையன்கூட இல்லை, இருக்கவும் முடியாது. பள்ளிகளில் இனப் பிரிவினை சட்டத்துக்குப் புறம்பானது என்று உச்ச நீதிமன்றம் 1954-இலேயே தீர்ப்பளித்திருந்தது. அந்தத் தீர்ப்பில் ஒன்றிணைக்கப்பட்ட ஐந்து வழக்குகளில் ஒன்று, கிங்ஸ்ட்ரீ இருக்கும் மாவட்டத்துக்கு அடுத்த மாவட்டமான கிளாரண்டனில் தொடங்கியதுதான். இருந்தும் தென் கரோலினாவில் அது முழுதாக நடைமுறைக்கு வர 1970-ஐ ஒட்டிய ஆண்டுகள் வரை ஆயிற்று. அதுவரை சம்மர்விலின் கறுப்பினப் பிள்ளைகள் ஆல்ஸ்டன் என்ற தனிப் பள்ளியில் படித்தார்கள். என் பக்கத்து வீட்டுக்காரரின் அண்ணன் அங்கே படித்தவர். தம்பியைவிட நன்றாக ஆடக்கூடியவர் என்று தம்பியே சொல்வார். யாரையும் திருப்பி அனுப்பாத அந்தப் பயிற்சியாளரிடம் அண்ணனால் போய்க் கேட்கவே முடியாத ஒரு காலம் இருந்தது. கதவைச் சாத்தியது அந்த நாளின் சட்டமும் வழக்கமும்தான், ஒரு பயிற்சியாளர் அல்ல என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் யாரையும் கழித்ததில்லை என்ற பெருமையைச் சொல்லும்போது, அதன் தொடக்க ஆண்டுகளில் யார் கேட்க முடிந்தது என்பதையும் சேர்த்துச் சொல்வதே நேர்மை. பள்ளிகள் ஒன்றான பிறகு இரு சாராரும் ஒரே அறையில் உடை மாற்றி, ஒரே பேருந்தில் போனார்கள். முதல் சில மாதங்கள் சுலபமாக இருக்கவில்லை என்று மட்டும் பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார். அதற்கு மேல் நான் கேட்கவில்லை.

இன்னொன்றும் என் மனத்தில் நிற்கிறது. 1957-க்குப் பிறகு அடுத்த மாநிலப் பட்டம் வந்தது 1978-இல். நடுவில் 21 ஆண்டுகள். இன்றைக்கு மூன்று பருவங்களில் பட்டம் வராவிட்டால் பயிற்சியாளரை மாற்றச் சொல்லும் பெற்றோரை நான் பார்த்திருக்கிறேன். அந்த 21 ஆண்டுகளும் ஊர் அவரை வைத்துக்கொண்டது, அவரும் வேறு ஊருக்குப் போகவில்லை. அதற்குப் பிறகு 1978 முதல் 1980 வரை தொடர்ந்து 41 ஆட்டங்களில் வெற்றி, 1979, 1982, 1984, 1986, 1994, 1998 ஆகிய ஆண்டுகளில் மேலும் பட்டங்கள், 1993-இல் டெக்சாஸின் கோர்டன் வுட் வைத்திருந்த வெற்றிச் சாதனையை முந்தியது என்று வரிசையாக வந்தன. தந்தைக்குக் கற்றுக்கொடுத்தவர் மகனுக்கும், பிறகு பேரனுக்கும் கற்றுக்கொடுத்தார். பட்டம் கிடைக்காத அந்த நீண்ட இடைவெளியின் பையன் என் பக்கத்து வீட்டுக்காரர். அவர் வீட்டில் கோப்பையோ மோதிரமோ எதுவும் இல்லை.

இந்தப் பள்ளியிலிருந்து புகழ் பெற்றுப் போனவர்களும் உண்டு. ஸ்டான்ஃபோர்ட் ஜென்னிங்ஸ் 1989 ஜனவரியில் நடந்த, தொழில்முறை ஆட்டத்தின் சூப்பர் பௌல் இறுதிப் போட்டியில் சின்சினாட்டி அணிக்காகப் பந்தை 93 கெஜம் ஓடிக் கொண்டுபோய், எதிரணியின் எல்லைக் கோட்டைக் கடந்து டச் டவுன் அடித்தார். தொழில்முறை அணிகள் புதிய ஆட்டக்காரர்களை முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வில் ஏ.ஜே. கிரீன் 2011-இல் அதே சின்சினாட்டி அணியால் நாட்டிலேயே நான்காவது ஆளாகத் தேர்ந்தெடுக்கப்பட்டு, தம் முதல் ஏழு பருவங்களிலும் நட்சத்திர ஆட்டத்துக்குத் தேர்வானார். அவர்களை எந்தப் பயிற்சியாளரும் சேர்த்துக்கொண்டிருப்பார். அவர்கள் ஆடிய அதே ஆண்டுகளில், அவர்களுக்கு எதிராகச் செவ்வாய்க்கிழமைப் பயிற்சியில் நின்று விழுந்து எழுந்த, பெயர் எங்கும் பதிவாகாத பையன்களை நினைத்துத்தான் எனக்கு அந்தப் பள்ளிமீது மரியாதை வருகிறது.

2014-ஆம் ஆண்டின் ஓர் ஆட்டத்தில், நான்காம் கால் பகுதி பாதி போன பின்பு, பச்சை அணி பெரிய இடைவெளியில் முன்னிலையில் இருந்தபோது, மூன்றாம் வரிசைப் பையன்களைக் களத்துக்குள் அனுப்பினார்கள். அவர்களுடைய கால்சட்டைகள் வெள்ளை மாறாமல் இருந்ததால் மேல் படியிலிருந்தே தெரிந்தது. அதுவரை கிளம்பத் தயாராகிக்கொண்டிருந்த சில குடும்பங்கள் திரும்ப உட்கார்ந்தன. மிகவும் சிறிய உருவமுள்ள ஒரு பையன் பந்தை வாங்கி, மூன்று கெஜம் ஓடி, இரண்டு பேருக்கு அடியில் விழுந்தான். எங்களுக்குக் கீழ் வரிசையில் இருந்த ஒரு பெண்மணி எழுந்து நின்று இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டார். பையன் எழுந்தபோது வலது முழங்காலில் மண் இருந்தது. ஓரத்துக்கு அவன் திரும்பி வரும்போது, முதல் வரிசைக்காரர்கள் அவன் தலைக்கவசத்தில் ஒவ்வொருவராகத் தட்டினார்கள். பக்கத்து வீட்டுக்காரர் ஒன்றும் பேசவில்லை. கையிலிருந்த கடலையை உரிக்காமல் வைத்துக்கொண்டிருந்தார்.

எனக்கும் அப்போது வளர்ந்துவரும் மகன் இருந்தான். தலையில் அடிபடுவதால் மூளைக்கு நேரும் சேதத்தைப் பற்றி இந்த நாட்டில் வந்துகொண்டிருந்த செய்திகளைப் படித்துப் பயந்து, அவனை இந்த ஆட்டத்துக்கு அனுப்புவதில்லை என்று நானும் மனைவியும் முடிவு செய்தோம். அந்த முடிவு சரியானது என்றே இன்றும் நினைக்கிறேன். ஆனாலும் வந்து நிற்கும் பிள்ளை எவருக்கும் இடம் தரும் ஒரு குழுவை அவனுக்காக நெடுநாள் தேடினோம். கடைசியில் பள்ளி இசைக்குழுவின் தாள வாத்தியப் பிரிவில் அவன் அதைக் கண்டுகொண்டான்.

மெக்கிசிக்கிடமிருந்து பொறுப்பை அவருடைய பேரன் ஏற்றுக்கொண்டார். 2019 நவம்பர் 28 அன்று, நன்றி நவிலல் திருநாளில், 93-ஆம் வயதில் மெக்கிசிக் காலமானார். அன்று மாலை பக்கத்து வீட்டுக்காரர் வழக்கம்போல எங்கள் வீட்டுக்கு ஒரு தட்டில் சர்க்கரைவள்ளிக் கிழங்கு அப்பம் கொண்டுவந்தார். வாசல் படியிலேயே உட்கார்ந்தோம். அவரிடம் அதுவரை சொல்லியிராத அந்த அறிவிப்புப் பலகைக் கதையை அன்றுதான் சொன்னேன். 16 பெயர்கள், என் பெயர் இல்லாதது, எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அதற்குப் பிறகு அந்தச் சாயங்காலங்களில் என்ன செய்தீர்கள்?" என்று கேட்டார்.

மைதானத்துச் சுவருக்கு வெளியே ஒரு வேப்ப மரம் இருந்தது, அங்கே நின்று பார்த்துக்கொண்டிருப்பேன், பந்து வெளியே வந்து விழுந்தால் எடுத்து எறிவேன் என்றேன்.

"எத்தனை நாள்?"

"அந்த ஆண்டு முழுவதும்."

அவர் தலையை மெல்ல ஆட்டினார். "கோச்சுக்கு அது போதுமாக இருந்திருக்கும்" என்றார்.